நாலு போல்ட்டு

காஜா மொய்தீன் புரோக்கர் கூட்டிவந்த ஆள்
பானெட்டைத் திறக்கவே இல்லை.
நேராகப் பின்பக்கம் போய்க்
குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்.
"இதென்ன கொக்கி?"

ஜெனரேட்டர் இழுக்க, என்றேன்.
ரெண்டு சக்கரம் வைத்தது, முக்கால் டன்.
ராயபுரத்தில் கல்யாணம்,
காசிமேட்டில் தேர்,
கொருக்குப்பேட்டையில் கரண்ட் போன ராத்திரி
ஐஸ் பெட்டியில் கிடந்த ஒரு பெரியவர்,
விடியும்வரை.

கேட்டுக்கொண்டே எழுந்து
முட்டியைத் தட்டிவிட்டார்.
"இழுத்த வண்டிம்மா.
இருபதாயிரம் குறைச்சுக்குங்க."

அவர் சொன்னதில் தப்பில்லை.
இழுத்த வண்டிதான்.
கிளட்ச் ரெண்டு தடவை மாற்றியாச்சு, பில் இருக்கிறது.
மூன்றாவது தடவை மாற்றவேண்டும்,
அதற்குப் பில் இல்லை.
மின்ட் மேம்பாலம் ஏறும்போது
ரப்பர் செருப்பு கருகின வாடை வரும்.
கண்ணாடியை இறக்கிவிட்டால்
கன்டெய்னர் லாரிப் புகையில் அமுங்கிப்போகும்.
இதை நான் அவரிடம் சொல்லவில்லை.
கொக்கியே எல்லாம் சொல்கிறதே, நான் வேறு எதற்கு.

எதிர்வீட்டு இக்னேஷியஸ் கார்
வருஷா வருஷம் ஒன்பது பேரை அடைத்துக்கொண்டு
வேளாங்கண்ணி போய்வந்தது.
கூரைமேல் அண்டா, அடுப்பு, ஒருமுறை ஆடு.
அது "ஃபேமிலி யூஸ்" என்று
கேட்ட விலைக்குப் போனது.
சுமந்ததற்குத் தழும்பில்லை,
இழுத்ததற்குத்தான்.

"அமலாக்கா, கழட்டிடு" என்றார் புரோக்கர்.
"இல்லாத கொக்கிக்கு எவன் குறைப்பான்?"

தண்டையார்பேட்டை ஏகாம்பரம்
வண்டிக்கடியில் அட்டை விரித்துப் படுத்தான்.
நாலு போல்ட்டு.
மூன்று முனகிக்கொண்டே வந்தன.
நாலாவதை உப்புக்காற்று
சேசிஸோடு சேர்த்துத் தின்றிருந்தது.
மண்ணெண்ணெய் ஊற்றி, டீ குடித்து,
திரும்பவும் ஊற்றி,
சுத்தியலால் நாலு போட்டு,
கடைசியில் தலையை அறுத்தான்.
பத்து வருஷமாகத் தெருவில் எல்லார் முழங்காலும்
ஒரு தடவையாவது இடித்த இரும்பு
அட்டைமேல் கிடந்தது,
ஒரு கைப்பிள்ளை கனத்தில்.
இடிக்கக்கூடாதென்று பையன்கள் கீறி மாட்டின
டென்னிஸ் பந்து
அதன் தலையில் அப்படியே.

ஓட்டைகளில் கிரீஸ் அப்பிக்
கருப்பு பெயின்ட் அடித்துவிட்டான்.
"பார்த்தாத் தெரியாதுக்கா.
தொட்டாத்தான்."

ஞாயிற்றுக்கிழமை எண்ணூரிலிருந்து வந்தவர்
பெயர் தணிகைவேல்.
பானெட், டயர், டிக்கி எல்லாம் பார்த்தார்.
பேரம்கூடப் பேசவில்லை, முழு விலை.
ஃபார்ம் இருபத்தொன்பது, முப்பது,
ரெண்டிலும் கையெழுத்துப் போட்டேன்.
பேனாவை மூடும்போதுதான் பார்த்தேன்,
அவருடைய ஆள்காட்டி விரல் நுனியில் கிரீஸ்.

"கொக்கி வீட்லதான இருக்கு?"

எனக்கு வாய் வரவில்லை.
"ஐஸ் வண்டி ஒண்ணு வாங்கியிருக்கேன்" என்றார்,
"இழுக்க வண்டி தேடிக்கிட்டிருந்தேன்.
கொக்கி தனியா எவ்வளவு?"

இருந்தபோது இருபதாயிரம் குறைத்த இரும்பு
இல்லாதபோது தனி விலை கேட்கிறது.
காஜா மொய்தீன்
வானத்தைப் பார்த்துக்கொண்டு
மூன்று விரலை மடக்கி விரித்தார்.

நான் அதற்குப் பணம் வாங்கவில்லை.
பெருந்தன்மை எல்லாம் இல்லை.
மேம்பாலத்து வாடையைச் சொன்னேன்.
பாரத்தோடு ஏறினால் ஒரு மாசம் தாங்காது என்றேன்.
அவர் கொஞ்சநேரம் தெருவைப் பார்த்தார்.
எட்டாயிரம் எண்ணி எடுத்துக்கொண்டு
மிச்சத்தைக் கொடுத்தார்.
எனக்கு எட்டாயிரம் வலித்தது.
இன்னும் வலிக்கிறது.

கொக்கியை டிக்கியில் போட்டபோது
இக்னேஷியஸ் பேரன் ஓடிவந்தான்.
"அத்தை, பந்து எங்களுது."

கழற்றிக் கொடுத்தேன்.
தரையில் ஒரு தட்டுத் தட்டினான்.
அது எகிறவில்லை.
கீறல் வாயைத் திறந்து மூடியது.
பரவாயில்லை என்பதுபோல்
ஜட்டிப்பையில் திணித்துக்கொண்டு போனான்.

வண்டி முனை திரும்பும்வரை நின்றேன்.
பழக்கதோஷம்.
முழங்காலை இடிக்காமல்
சுற்றிக்கொண்டு நடந்தேன்,
ஒன்றுமில்லாத இடத்தை.